நண்டுக் காலும் என் முன்பல்லும்

இன்று காலை ஏறாவூரில், பல் டொக்டரின் கதிரையில், மடியில் சக்ஸபோனோடு உட்கார்ந்திருந்தேன்!

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

மூன்று கிழமைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி வாவி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். உடைக்கிற கல் பக்கத்திலேயே இருந்தது. நான்தான் அவசரப்பட்டுப் பெரிய காலைப் பல்லால் கடித்தேன். கால் அப்படியே இருக்க, மேல் முன்பல் போய்விட்டது. (ஆசை யாரை விட்டது!)

மற்றவர்களுக்குப் பல் போனால் சிரிப்புத்தான் போகும். சக்ஸபோனை வாயில் வைத்தால் அது ஊன்றி நிற்பதே மேல் முன்பல்லில்தான். பல் இல்லையென்றால் வெறும் காற்றுத்தான் வரும். இருபத்தாறு வருடமாகக் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஊதியவன், என்னிடம் சக்ஸபோன் பழக வரும் பிள்ளைகளுக்குப் பாடிப் பாடியே வகுப்பு எடுத்தேன். சேர் இப்போது நன்றாகப் பாடுகிறார் என்று பேசிக்கொண்டார்களாம்!

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. மனைவி சந்தையில் நண்டு விற்கிற பக்கமே போவதில்லை. தினமும் சக்ஸபோன் பெட்டியைத் துடைத்து வைப்பாள். பயத்தில் நான் அதைத் திறக்கவேயில்லை.

"அண்டைக்கு நான் நண்டு ஆக்காம இருந்திருக்கலாம்" என்றாள் ஒருநாள், துடைத்துக்கொண்டே.

பிழை என் வாயில்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

போன கிழமை டொக்டர் புதுப் பல்லைத் தற்காலிகமாக வைத்து, கண்ணாடியை நீட்டி, சிரித்துப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு முக்கியமில்லை, ஊத முடியுமா என்று கேட்டேன். டொக்டர் இளவயதுத் தங்கச்சிதான், கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சாமானக் கொண்டு வாங்க சேர். நீங்க ஊதிக் காட்டினாத்தான் நான் நிரந்தரமா ஒட்டுவன்."

அதனால்தான் இன்று அந்தக் கோலம்.

முதல் தரம் ஊதியபோது ஆடு கத்துவதுபோல் வந்தது. டொக்டர் பல்லைக் கழற்றி அராவினார். இரண்டாம் தரம் சுரம் வந்தது, கமகத்தில் பல் ஆடியது. மறுபடியும் அராவினார். மூன்றாம் தரம் மோகனம் நேராக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று டொக்டர் பதறினார். வாயிலிருந்து எடுக்க மனமில்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"இன்னொருக்கா ஊது மனே. கொஞ்ச நேரம் வலி மறந்திருந்திச்சு."

அவருக்காகவும் ஊதினேன். அதற்குப் பிறகுதான் டொக்டர் பல்லை நிரந்தரமாக ஒட்டினார்.

தன்னாமுனையில் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து வாசித்தேன். மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். முடியும்வரை அசையவில்லை. பிறகு உள்ளே போய்ச் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தாள்.

நண்டு! ஓடே இல்லை. எல்லாக் காலையும் உடைத்து, சதையை மட்டும் எடுத்துக் குவித்திருந்தாள்.

"ஊதிட்டுத்தான் வருவீங்க எண்டு தெரியும். விடியவே வாங்கிட்டன். இனி உடைக்கிறது என்ட வேலை. உங்கட பல்லுக்கு ஊதுற வேலை மட்டுந்தான்."

அவளுடைய விரல்களிலெல்லாம் நண்டு ஓடு கீறியிருந்தது.

அந்த விரல்களுக்கு எந்த ராகம் வாசிக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.