ஆர்மராட் சறுக்கிய மூலை

கால்டர்ஷாவில் வில்ஃப் ஆர்மராட்டைப் பைத்தியக்காரன் என்று திட்டாதவர்கள் இல்லை. அவரை விட்டுக்கொடுத்தவர்களும் இல்லை. பதினெட்டு வருஷம் ஊர்க் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடினார். பெரிய கிளப்புகள் மூன்று தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டன. "ரெண்டு பஸ் மாறிப் போயி ஆடறதெல்லாம் எனக்கு ஒத்து வராதுப்பா" என்று சொல்லிவிட்டார். கால் உடைந்து ஆட்டம் நின்ற பிறகும் எங்கும் போகவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு கிளப்புக்கே செயலாளர் ஆனார்.

மைதானத்தில் டீக்கடை போட்டிருந்த எட்னா கிளெக்குக்கு அவர் மேல் தனி மரியாதை. ஆனால் அந்த ஜனவரி சனிக்கிழமை அவரைக் கொன்றுபோட்டால் என்ன என்றிருந்தது.

அன்றைக்குக் கோப்பை ஆட்டம். லண்டனிலிருந்து, நாட்டின் உச்ச வரிசையான முதல் டிவிஷனில் ஆடும் கிளப் வந்திறங்கியிருந்தது. எட்னாவின் மகன் கென் வலது ஓரத்தில் ஆடப்போகிறான். இப்படி ஒரு நாள் அவனுக்கு இன்னொரு தடவை வாய்க்குமா? பனியை அள்ள வில்ஃப் கூப்பிட்ட குரலுக்கு ஊரே மண்வெட்டியோடு வந்து, விடிந்ததிலிருந்து அள்ளிக் கொட்டியிருந்தது. நடுவர் பெட்டிஃபர் வெயில் பட்ட பக்கமாக நடந்து, குதிகாலால் நாலு மிதி மிதித்துப் பார்த்து, "ஆடலாம்" என்றார். தொப்பிகள் பறந்தன.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் வில்ஃப்.

உள்ளே போய்த் திரும்பியவரின் காலில் பழைய பூட்ஸ். ஐம்பத்தாறு வயசு மனுஷன், கோட்டும் டையுமாக, பார்வையாளர் ஸ்டாண்டின் நிழல் விழும் மூலையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். பந்தும் இல்லை, எதிராளியும் இல்லை. ஆடிய காலத்தில் பந்தைப் பறிக்க விழுவாரே, அதே மாதிரி காலை நீட்டிச் சறுக்கி விழுந்தார். எழுந்தபோது கால்சட்டை கிழிந்து முழங்காலில் ரத்தம் வழிந்தது.

"மேலதான் சார் மண்ணு. அடியில பூரா ஐஸு. ஆட்டம் வேண்டாம்."

"யோவ், நீ யாரு பக்கம்யா?" என்று கூட்டம் கத்தியது. எட்னா கையில் பிடித்த கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அட பாவி மனுஷா! நீயே ஊரைக் கூப்பிட்டு, நீயே கெடுக்கிறியே! என் புள்ளையோட நாளுய்யா இது!"

"கென் ஓடப்போறது இந்தப் பக்கந்தான் எட்னா. என் காலு உடைஞ்சது இதே மூலையிலதான். அன்னிக்கும் ஆடலாம்னுதான் சொன்னாங்க."

எட்னா ஓங்கிய கரண்டியைத் தாழ்த்தினாள். இந்த ஆட்டத்துக்கு அவரைவிட ஏங்கியவர் ஊரில் யார்? பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு கிளப்போடு மோத அவருக்கு ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் தன் வாயாலேயே வேண்டாம் என்கிறார். எப்படி மனசு வந்தது? இவரெல்லாம் எந்த மண்ணில் செய்த மனுஷன்? நடுவர் அந்த மூலைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, ஆட்டம் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

பனி உருகி, அடுத்த மாதம் ஆடினார்கள். ஊர் அணி ஆறு கோல் வாங்கித் தோற்றது. ஊரே தலையைத் தொங்கப்போட்டுக் கலைந்தபோது, சேறு அப்பிய இரண்டு காலால் கென் நடந்து வருவதையே எட்னா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வில்ஃப் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தார். "ஆறு வாங்கிட்டோமே, எட்னா."

"வாங்கினா வாங்கிட்டுப் போறோம். உக்காந்து டீயைக் குடிய்யா" என்றாள் எட்னா.