இல்லாத விரல்களில் குளிர்

ஓசூரில் மாசி மாதத்திலும் விடிகாலையில் குளிர்கிறது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பேன். அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. ஆனால் குளிர் முதலில் ஏறுவது அந்த இரண்டில்தான். வேதாரண்யத்து உப்பளத்தில் வளர்ந்தவனுக்குக் குளிர் என்பதே புதுச்சரக்கு. அதை இல்லாத விரல்களைக் கொண்டு பழகிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கன்னடத்தில் ஏதாவது கேட்பார், தலையாட்டுவேன். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று தெரியாமலே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் சௌகரியமா என்று கேட்டால், சௌகரியம் என்றுதான் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து வந்து பிரஸ் மெஷினில் நின்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, தகட்டை எடுக்கக் கை உள்ளே போயிருந்தபோது மெஷின் இறங்கிவிட்டது. அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதைப் பற்றி எனக்கே கொஞ்சம் பயம் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர் சலீம் பாய். பக்கத்து மெஷினில் வேலை பார்ப்பவர், சூளகிரிக்காரர். விரல்களை ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சலீம் பாய் கை நீட்டி வாங்கிக்கொண்டார். "உடம்புல இருந்து போனத குப்பையில போடக்கூடாது தம்பி. நா பாத்துக்கறன்" என்றார். வெள்ளைத் துணியில் சுற்றி, சூளகிரியில் அவர்களுடைய கபர்ஸ்தானில், தக்காளித் தோட்டத்தை ஒட்டிய வேலியோரம் புதைத்தார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய அத்தா அங்கே ஓதப்போகும்போது என்னுடையதற்கும் சேர்த்தே ஓதுகிறாராம். உயிரோடு இருக்கும்போதே ஓதுவதற்கு ஆள் கிடைத்த அதிர்ஷ்டம் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

ஊரில் படகுகளுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். கோடு இழுத்தால் கோடு மாதிரி இருக்கும். இப்போது கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிரஷைப் பிடித்தால் கோடு தன் இஷ்டத்துக்குப் போகிறது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சலீம் பாய் பெங்களூருக்கு ஓவியக் கண்காட்சி பார்க்க இழுத்துப்போனார். ஒரு பெண் தான் படுத்துக் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை வரைந்து மாட்டியிருந்தார். கட்டிலில் ஆள் இல்லை, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அந்தப் படத்தின் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் படுத்திருந்தீர்கள் என்று தமிழில் கேட்டேன். "மூரு திங்களு" என்று சிரித்தார். மூன்று மாதம் படுத்திருந்தாரா, மூன்று மாதம் வரைந்தாரா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பள்ளம் எனக்குப் புரிந்தது. திரும்பி வந்ததும் பெயிண்ட் வாங்கினேன்.

பாதுகாப்பு வாரத்துக்காகக் கம்பெனியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். என் கையை வரைந்து கொடுத்தேன். கறுத்த மண்ணுக்கு மேலே மூன்று விரலோடு ஒரு கை, நடுங்குகிற கோடுகளில். எச்.ஆர். மேடம் புதிதாக வந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். விபத்துக்குப் பிறகு என்னை ஸ்டோர்ஸில் போட்டிருந்தார்கள். கையுறையின் இரண்டு விரல்களில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரிவேன், யாரும் கேள்வி கேட்காமல் இருக்கட்டும் என்று. அவருக்கு என் கதை தெரியாது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குங்க. ரெண்டு விரல் மட்டும் பாக்கி இருக்கு, முடிச்சுக் குடுத்துருங்க, கேண்டீன்ல மாட்டிடலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். கன்னடம் கேட்டுத் தலையாட்டிய பழக்கம்.

படம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இரண்டு விரலைப் போட்டுக் கொடுத்தால் சுவரில் ஏறிவிடும். ஆனால் அது என் கையாக இருக்காது. போடாவிட்டால் என் கை அறைக்குத் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் இரண்டு விரலையும் வரைந்தேன். கையில் அல்ல, கீழே மண்ணுக்குள், வெள்ளைத் துணியில் சுற்றியபடி. மேலே ஒரு தக்காளிச் செடி.

திங்கட்கிழமை மேடம் விரல்களை எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. "இதென்னங்க கீழ வச்சிட்டீங்க?" என்று கேட்டார். கையுறையைக் கழற்றிக் கையை மேஜைமேல் வைத்தேன். பஞ்சு உருண்டு கீழே விழுந்தது. அவர் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலிக்குதாங்க?"

"இல்ல மேடம். குளுருது."

அன்று மத்தியானமே மேடம் கேண்டீனில் கைகழுவும் குழாய்க்கு மேலே படத்தை மாட்டச் சொல்லிவிட்டார். பரிசு வேறு யாருக்கோ போனது. கை கழுவ வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு குழாயடியில் தங்கள் விரல்களைப் பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து சலீம் பாய் அதை வாங்கிச் சூளகிரிக்குக் கொண்டுபோனார். அவர் வீட்டு முன்கூடத்தில் இருக்கிறது. நான் கையுறையில் பஞ்சு வைப்பதை விட்டுவிட்டேன்.

சித்திரையில் லீவு போட்டு வேதாரண்யம் போனேன். அம்மா உப்பளத்தில் நின்றாள். பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்க, வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே போனால் அந்தக் குளிர் சரியாகிவிடும் என்று எப்படியோ நம்பியிருந்தேன். ஓசூருக்குத் திரும்பிப் போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "ஏன் தம்பி, இந்த வெயில்ல கைய அக்குள்ல வச்சுக்கிட்டு நிக்கிற?"

அப்போதுதான் பார்த்தேன். கையை வெளியே எடுத்தேன். மூன்று விரல்களில் எங்கள் ஊர் வெயில் சுட்டது. மற்ற இரண்டிலும் சூளகிரியின் குளிர் அப்படியே இருந்தது.