இரண்டு ஆயாக்கள், ஒரு வரி

நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. போன ஆண்டு, எண்பத்தெட்டில், தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தது. டிப்ளமோ முடித்திருந்த எனக்கு அதில் வேலை கிடைத்தது.

2. ஏரியூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்தினர் வீடு வீடாகப் போய், கண்புரை ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தார்கள். நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

3. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, இரண்டு வரிகளில் பெயர், கணவர் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரு வரியை நீக்கிவிடும்படி புரோகிராம் எழுதினேன். அதிகாரி பாராட்டினார்.

4. கண் ஆபரேஷன் முகாமுக்கு அழைத்துப் போக வேன் வந்த காலையில், வயதான ஓர் ஆயாவுக்குப் பட்டியலில் இடமில்லை.

பட்டியலோடு நானும் போயிருந்தேன். சுகாதாரப் பணியாளர் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு ஆயாக்கள் எழுந்தார்கள்.

"ஒருத்தர்தாங்க ஏறலாம். லிஸ்ட்ல ஒரு பேருதான் இருக்குது," என்றார் அவர்.

சங்கச் செயலாளருக்கு என் வயதுதான் இருக்கும். "ரெண்டு பேரையும் நான்தானுங்க எழுதிக் குடுத்தேன். இவங்க மேட்டு வூடு, அவங்க கெணத்து வூடு. ஊர்ல பாதிப் பேருக்கு எங்க சாமி பேருதான். வூட்டுக்காரருங்களுக்கும் அப்படித்தான்."

அவர் தந்த தாளில் அந்த வீட்டு அடையாளம் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் அதற்கு நான் இடம் வைக்கவில்லை.

"பட்டியலை முன்னாடியே அனுப்பினோமே, பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"இங்கிலீஸ்ல அனுப்புனீங்க," என்றார்.

இதற்குள் ஆயாக்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"நீ போடி. எனக்காச்சும் ஒரு கண்ணு மங்கலாத் தெரியுது. கேட்டா எம் பேரச் சொல்லிக்க."

"உம் பேரா? அதென்ன புதுசாவா இருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுக்கொடுத்தவருக்கும் பார்வை வேண்டும்தானே. பேனாவால் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

"டாக்டர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்," என்றார் பணியாளர்.

முகாமில் டாக்டர் கேட்டார். தவறு என்னுடையது என்று சொன்னேன். இருவரையும் சேர்த்துக்கொண்டார்.

அதன்பிறகு, எந்தப் பட்டியலையும் முடிவாக அச்சிடும் முன் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது என்று அலுவலகமும் சங்கமும் பேசி வைத்துக்கொண்டோம். நான் படிப்பேன், செயலாளர் தன் தாளோடு ஒப்பிடுவார். நான் சந்தேகமே படாத வரிகளில் யாராவது கையைத் தூக்குவார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது யாரும் கை தூக்காவிட்டால்தான் பயமாக இருக்கிறது. வீட்டு அடையாளத்துக்கும் தனி இடம் வைத்துவிட்டேன்.

இரண்டு ஆயாக்களுக்கும் ஆளுக்கு ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. மறு கண்ணுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். அடுத்த முகாம் எப்போது என்று இன்னும் உத்தரவு வரவில்லை.