பத்து காவான் துரைக்கு ஒரு விண்ணப்பம்

'சேட்' என்பது 'சேட்னஸ்' ஆகும் என்று இங்கிலீஷ் டீச்சர் பலகையில் எழுதிய காலையில்தான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. 'சோகமான' என்றால் யாராவது ஒரு ஆளைப் பிடித்துத் தொங்க வேண்டும். 'சோகம்' அப்படியில்லை. தனியாக நிற்கும், உறையில் போட்டு அனுப்பக்கூடச் செய்யலாம்.

எனக்கு அப்போது பதினோரு வயது. டத்தோ கிராமாட்டிலிருந்த எங்கள் வீட்டைவிட்டு, அக்கா கல்யாணமாகி, படகில் கடல் தாண்டி, எதிர்க்கரையிலிருந்த பத்து காவான் தோட்டத்துக்குப் போய் ஒன்பது மாதம். ஒரு தடவைகூட வரவில்லை. அத்தானுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லீவு கொடுக்கவில்லையாம். தீபாவளிக்கும் அதே பதில்தான்.

ஆகவே துரைக்கே இங்கிலீஷில் எழுதினேன். வகுப்பில் கொடுத்த 'னஸ்' சொற்களின் பட்டியலிலிருந்து ஒன்றையும் விடவில்லை. என் அக்காவின் சோகம், அவளது தனிமை, பலவீனம், அவள் வீட்டு இருட்டு, எல்லாவற்றையும் கருணை கூர்ந்து பார்க்கும்படி வேண்டி, தபாலில் சேர்த்தேன்.

அத்தான் அந்தத் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, என்பது எனக்குத் தெரியும். துரைக்கு வரும் காகிதங்களைப் பிரித்துப் படிப்பதுதான் கிராணியின் வேலை என்பது தெரியாது.

அடுத்த வாரமே அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். அத்தான் சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"ஒங்க சின்ன மக எழுதியிருக்கா மாமா. ஒரு தப்பு இல்ல. நம்ம துரையே இப்படி எழுத மாட்டான் லா."

"இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அம்மா.

"துரை லீவு குடுத்துட்டாரா?" என்று அப்பா கேட்டார்.

"அவர எதுக்குக் கேக்கணும்? நானே எடுத்துக்கிட்டேன்."

அப்படியானால் இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அத்தானுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள்.

அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். மெலிந்திருந்தாள்.

"யாருடி ஒனக்குச் சொன்னா?"

"என்னத்தக்கா?"

"தனிமைன்னு எழுதியிருக்கியாமே. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு அவருக்குச் சந்தேகம்."

"யாரும் சொல்லலக்கா. பள்ளிக்கூடத்துல குடுத்த பட்டியல்ல இருந்துச்சு."

அக்கா வாளிக் கயிற்றைக் கையில் எடுத்தாள். "அவ்வளவுதானா" என்றாள். பிறகு வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். என் கடிதத்தால் அக்கா வந்தாள் என்று நான் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த 'அவ்வளவுதானா'வில் இருந்தது ஏமாற்றம் என்று எனக்கு அப்போது படவேயில்லை.

ஆறு வருஷமாகிவிட்டது. அதன்பிறகு அவள் வந்தது இரண்டே தடவை; இரண்டு தடவையும் அத்தான் பக்கத்திலேயே இருந்தார். வரும் செவ்வாய்க்கிழமை, அவர் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து, நானே படகேறிப் போகப்போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போய், எப்படி இருக்கிறாய் என்று அவளையே கேட்க வேண்டும்.