கிணற்றடி பஸ்ஸர்

வாஷிங் மெஷின் துவைத்து முடித்துவிட்டுக் கத்துகிறது. எனக்குப் பாகூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்துவிடுகிறது.

அம்மா கால் ஒடிந்து படுத்ததும் ஏழாவதோடு என் படிப்பு நின்றது. தானே எழுந்து மறுபடி விழுந்துவிடுவாளோ என்று, கிணற்றடியில் பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி ஓடி வருவேன். அதைப் பார்த்த அண்ணன், எரிந்துபோன பம்புசெட் மோட்டாரின் செப்புக் கம்பியை ஆணியில் சுற்றி, பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி வைத்து, டார்ச் செல்லில் ஒரு பஸ்ஸர் செய்தான். பொத்தான் அம்மாவின் கட்டிலில், பஸ்ஸர் கிணற்றடியில்.

"கர்ருன்னு கத்துனா மட்டும் போ."

முதல் நாள் அது கத்தவே இல்லை. பதறி ஓடினேன்.

"இன்னாடி? நான் கூப்பிடலையே!"

"கூப்பிடலையேன்னுதாம்மா வந்தேன்."

அம்மா சிரித்துவிட்டாள். மறுநாளிலிருந்து சும்மாவே அவ்வப்போது ஒரு தரம் அழுத்துவாள். நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையைப் பாரு என்று அர்த்தம். நானும் நிம்மதியாகத் தேய்ப்பேன்.

"சும்மா சும்மா அழுத்துனா செல்லு தீந்துடும்மா," என்பான் அண்ணன்.

"தீந்தா வேற போடுடா. அவ பயந்துக்கிட்டு கெடக்குறாளே."

அவனும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போடுவான்.

"நிறுத்தேம்மா அந்த மெஷினை," என்கிறாள் என் மகள்.

"இருடி. இன்னும் ஒரு தரம் கத்தட்டும்."