முத்தலிப் இல்லாத காலத்து வேலை

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கராஜ் வைத்திருக்கும் முத்தலிப்பிடம் எந்தப் பழைய இயந்திரத்தைக் கொண்டுபோனாலும், அவர் முதலில் பழுதைத் தேடமாட்டார். குற்றவாளியைத் தேடுவார். தேடுவதற்கும் அதிக நேரம் எடுப்பதில்லை. "உது நான் இல்லாத காலத்து வேலை" என்பார். அதோடு விசாரணை முடிந்துவிடும்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் வைத்திருந்த இயக்கம் ஊரிலிருந்த சோனகர், அதாவது முஸ்லிம் ஆட்கள், எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. புத்தளத்தில் இருபத்தொரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த இருபத்தொரு வருஷமும் குடாநாட்டில் ஒருவரும் ஒரு நட்டைக்கூட ஒழுங்காக முறுக்கவில்லை என்பது அவருடைய முடிவு. அதை மாற்ற யாராலும் முடியாது.

சிரிக்கலாம்தான். ஆனால் மனிசனிடம் வேறு என்ன மிஞ்சியிருந்தது? வீட்டுக்குக் கூரை இல்லை. நட்டு முறுக்கும் சாவிகளை வைத்திருந்த பெட்டி போன இடம் தெரியாது. "என்ரை கை பட்டதிலை பிழை இருக்காது" என்ற ஒரு சொல்லைத்தான் அவரால் கொண்டுபோகவும் முடிந்தது, திருப்பிக் கொண்டுவரவும் முடிந்தது. அந்தச் சொல்லை வைத்துத்தான் கராஜைத் திரும்பத் திறந்தார். ஆட்களும் அதை நம்பித்தான் வந்தார்கள்.

கை பட்டதற்கு ஓர் அடையாளமும் வைத்திருந்தார். அவசரத்துக்கு ஒப்பேற்றிக் கொடுக்கும் வேலை என்றால், அந்த இடத்தில் ஆணியால் மூன்று புள்ளி குத்திவிடுவார். திரும்பி வரும்போது இதை முழுதாகச் செய்ய வேண்டும் என்று தனக்கே சொல்லிவைக்கிற குறிப்பு அது.

போன திங்கட்கிழமை அச்சுவேலியிலிருந்து தோட்டம் செய்யும் கதிரவேலு என்ற கமக்காரர் வந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். கையிலிருந்த பையில், பேப்பரில் சுற்றிய பழைய ஒஸ்ரின் காரின் காபரேட்டர். கரிச்சட்டியின் அடி அதைவிட வெள்ளையாக இருக்கும்.

"தம்பி, இது வந்து..." என்று தொடங்கினார்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை," என்றார் முத்தலிப். அவர் எப்போதும் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, சாமானைத்தான் பார்ப்பார். "மண்ணெண்ணெயிலை ஓட்டின கார். பெற்றோல் இல்லாத நேரம் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயிலை ஓடினவை. அதின்ரை கரிதான் உது. ஆரோ ஒரு மடையன் கைவைச்சும் இருக்கிறான். நான் இல்லாத காலத்து வேலை."

"இல்லை, நான் என்ன சொல்லுறனெண்டால்..."

"புதன்கிழமை வாங்கோ."

யார் வந்தாலும் அவர் சொல்வது புதன்கிழமைதான். கதிரவேலு அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புதன்கிழமைதானே?"

"ஓம், புதன்."

இரண்டு நாள் தேய்த்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், பெற்றோலில் கழுவினார், தின்னர் ஊற்றினார், இரண்டு பல்லுப் பிறஷ் மொட்டையானது. ஊத்தை எல்லாம் கழன்று உலோகம் தெரிந்தது. ஆனால் பெற்றோல் வந்து நிற்கிற சின்னக் கிண்ணத்தின் பக்கத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புக் கட்டி மட்டும் அசையவில்லை. அதைச் சுரண்டச் சுரண்ட, கைவைத்த மடையனின் பரம்பரையையும் சேர்த்துச் சுரண்டினார்.

புதன் காலை கதிரவேலு வந்து வாங்குப் பலகையில் இருந்தபோதும் சுரண்டல் முடியவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி றஷீதா, "சுடுதண்ணியிலை போட்டுப் பாருங்கோவன்," என்றாள்.

"பெற்றோலுக்குப் போகாதது பச்சைத் தண்ணிக்குப் போகுமோ?"

"பச்சைத் தண்ணி எண்டு ஆர் சொன்னது? சுடுதண்ணி." அவள் வாக்குவாதப்படவில்லை. கேத்தலில் மிச்சமிருந்ததை ஒரு பேசினில் ஊற்றி, காபரேட்டரை அதற்குள் வைத்து, பிறஷால் நாலு தரம் தேய்த்தாள்.

நுரை வந்தது. வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது.

"இது ஊத்தை இல்லை," என்றாள். "சவுக்காரம்."

முத்தலிப்புக்குப் பிடித்த நேரம் அது. "பாத்தீங்களோ அண்ணை," என்று பேசினுக்குள் கைவிட்டார். "கிண்ணம் வெடிச்சிருக்கு. வெல்டிங் வைச்சுப் பத்தவைக்கிறதை விட்டிட்டு உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தை அப்பியிருக்கிறான். உவனையெல்லாம் கராஜுக்கை விட்டதே பிழை."

சீலையால் துடைத்தார். நெல்மணி நீளத்தில் ஒரு வெடிப்பு. அதன் அருகில் மூன்று புள்ளி.

இன்னொரு தரம் துடைத்தார். புள்ளிகள் போகவில்லை.

றஷீதாவும் பார்த்துவிட்டாள். "அப்ப எங்கடை கிணத்தடியிலை வைச்சுக் காணாமல்போன அரைக்கட்டிச் சவுக்காரம் இதுதான்," என்றாள் மெதுவாக. "சாமான் ஒண்டும் கிடைக்காத நேரம். நான் அழுதுகொண்டு தேட, காகம் கொண்டுபோட்டுது எண்டனீங்கள்."

முத்தலிப் சீலையைக் கீழே வைத்தார். இந்த மூன்று நாளில் முதல் தடவையாகக் கதிரவேலுவின் முகத்தைப் பார்த்தார். அதிலிருந்த நரையை எல்லாம் கழித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இதைத்தான் திங்கட்கிழமை சொல்ல வந்தனான்," என்றார் கதிரவேலு. "கரண்டும் இல்லை, பத்தவைக்க ஏலாது எண்டு சவுக்காரம் வைச்சுத் தந்தனீங்கள். ஒரு சொட்டு ஒழுகேல்லைத் தம்பி. தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயருமட்டும் ஓடினது. பிறகு கொட்டிலுக்கை விட்டிட்டன்."

"பிறகெண்டாலும் வேறை ஆரிட்டையேன் காட்டியிருக்கலாமே அண்ணை?"

"நீங்கள்தானே வேறை ஒருத்தனையும் தொட விடவேண்டாம் எண்டனீங்கள். வாற புதன்கிழமை கொண்டுவாங்கோ, முறையாய்ச் செய்து தாறன் எண்டனீங்கள்." அவர் தேத்தண்ணியை ஒருக்கால் உறிஞ்சினார். "கொண்டுவந்தனான். கராஜ் திறந்தபடி கிடந்தது. தெருவிலை ஒரு சனம் இல்லை. முதல்நாள் செவ்வாயே உங்களை அனுப்பிப்போட்டாங்கள் எண்டு சந்தியிலை சொன்னவை. நீங்கள் திரும்பி வந்திருக்கிறியள் எண்டு எனக்குப் போன மாதம்தான் தெரியும்."

முத்தலிப்புக்கு வெட்கமும் இருந்தது, அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் தன்னுடைய ஒரு சொல்லை இந்த மனிசன் கொட்டிலுக்குள் வைத்துக் காத்திருக்கிறார். தானோ இரண்டு நாளாக அதைத் திட்டித் தேய்த்திருக்கிறார், இன்றைக்கு அவர் முன்னாலேயே.

கிண்ணத்தைப் பத்தவைக்க வேண்டும். இன்றைக்குக் கையில் வேறு இரண்டு வேலை இருந்தது. வாய் வரைக்கும் புதன்கிழமை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இருங்கோ அண்ணை," என்றார். "ஒரு இடமும் போகாதையுங்கோ. இப்பவே செய்து தாறன்."