மஞ்சள் துணி கட்டிய நன்னாரி

காலை ஏழரை மணி, ராஜபாளையம் பேருந்து நிலையம். முந்தின நாள் கல்யாணத்துக்கு வந்தவன், மதுரை திரும்பும் முன் வத்திராயிருப்புப் பக்கம் போகக் கிளம்பினேன். போன கோடையில் எங்கள் வீட்டில் குடித்த நன்னாரி சர்பத், அருகிலுள்ள வ. புதுப்பட்டியில் நான்கு பெண்கள் சேர்ந்து காய்ச்சி விற்பது. வேர் எங்கே எடுக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

பஸ் வர நேரமிருந்தது. பக்கத்து நாட்டுமருந்துக் கடையில், பானைத் தண்ணீரில் போட நன்னாரி கேட்டேன். ஒரு குவியலில் விரல் நீளத் துண்டுகள். இன்னொன்றில் அடிக்கட்டையோடு முழ நீள வேர்கள், ஈரம்கூடக் காயவில்லை. துண்டு இரண்டாம் தரம், நீளம்தான் முதல் தரம் என்றார் கடைக்காரர். மஞ்சள் துணியால் கட்டிய நீள வேர்க்கட்டு ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கே நினைப்பு.

பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு டீ, பிறகு வேறு பஸ். பத்து மணிக்கு வ. புதுப்பட்டியில் இறங்கினேன். நால்வரில் ஒருவரான ஸ்டெல்லா, நான் போனில் சொல்லியிருந்தபடி கடப்பாரையோடு காத்திருந்தார். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்த மாந்தோப்புக்கு நடந்தோம்.

போகும் வழியில் தொழிலைச் சொன்னார். கொடியை அடியோடு பிடுங்குவதில்லை. பக்க வேரை மட்டும் நறுக்கி, அடிக்கட்டையை மறுபடி புதைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் மிச்சத்தை ஊற்றுவார்கள். வேர் எடுத்த கொடிக்கு மேலே வேலியில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவைத்தால், அந்தக் கொடியில் மூன்று வருடத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது. இங்கே அந்த மூன்று வருடம் இப்போதுதான் முடிகிறது. இந்தக் கோடைக்கான சர்பத் முழுக்க இந்தத் தோப்பை நம்பித்தான்.

வேலியோரம் போனதும் ஸ்டெல்லா நின்றுவிட்டார். வரிசையாகக் குழிகள். கொடியும் இல்லை, துணியும் இல்லை. துணி கட்டாத கொடிகள் மட்டும் அப்படியே இருந்தன. அவை போன வருடம் முளைத்த பிஞ்சுகள்.

"துணியப் பாத்துத்தாண்ணே தோண்டிருக்கான். இங்கன இருக்குன்னு நாங்களே காட்டிக் குடுத்துட்டோம்."

என் பை கனத்தது. வேர்க்கட்டை எடுத்து நீட்டினேன். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எஞ் சேலைண்ணே."

வேரோடு பிடுங்கிய களவாணிச் சரக்கு முதல் தரமாம். மூன்று வருடம் பொறுத்துப் பக்குவமாய் நறுக்கியது இரண்டாம் தரமாம். இந்தத் தரத்தை எந்த மகராசன் வகுத்தான்? கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். நீளம் பார்த்துக் காசு நீட்டியவனை மட்டும் எந்தக் கணக்கில் விடுவது?

ஸ்டெல்லா திட்டவில்லை. கட்டைப் பிரித்து, பச்சை மாறாத அடிக்கட்டைகளாகத் தேடி நறுக்கினார். ஐந்து தேறின. அவற்றைக் குழியில் வைத்து மண்ணை மிதித்தார். என் பாட்டில் தண்ணீரை நான் ஊற்றினேன். பழக்கதோஷத்தில் துணியைக் கட்டப் போனவர், கை நின்று, அதை என்னிடமே கொடுத்தார்.

"வேணாம்ணே. பொழச்சுதுன்னா எங்களுக்குத் தெரியும், அது போதும்."

கோடைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இந்த வருசம் அடுப்பே பத்தவைக்கப் போவதில்லை என்றார். கட்டில் மிஞ்சிய வேரைத் துண்டுகளாக நறுக்கி, காசு கொடுத்தவன் நான்தான் என்று என் பையிலேயே போட்டார்.

இரவு ஏழு மணிக்கு வீடு. மேசையில் கொட்டிய துண்டு வேர்களைப் பார்த்து மனைவி, "இம்புட்டு தூரம் போயும் நல்ல நீளமாப் பாத்து வாங்கத் தெரியலையா?" என்றாள். நான் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தேன்.